பிரசவ விடுதியில் சவுனா

சந்தனத்துறைப் பேரூராட்சிக்குச் சொந்தமாக ஒரு பிரசவ விடுதி உண்டு. எட்டுக் கட்டில், ஒரு நர்ஸ், ஒரு குளியலறை, அந்தக் குளியலறையில் ஒரே ஒரு குழாய். குழாயில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும். மார்கழியில் மலைக்காற்று இறங்கும்போது அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் விரல் மரத்துப்போகும். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிகள் அதில்தான் குளிக்க வேண்டும். இல்லையென்றால் குளிக்காமல் நாற்றத்தோடு கிடக்க வேண்டும். பேரூராட்சி இரண்டுக்கும் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்திருந்தது.

பிலவேந்திரனுக்கு இதில் அக்கறை வந்தது மகள் மெர்லினால். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்திருந்தாள். அப்போது ஆவணி மாதம், அவளுக்கு ஐந்து மாதம். நாள் மார்கழியில் விழுகிறது என்று நர்ஸ் சொன்னதுமே பிலவேந்திரனின் மனைவி லூர்து மேரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போன மார்கழியில் இதே விடுதியில் பிள்ளை பெற்ற கொழுந்தன் மகள் கிளாரா, அந்தத் தண்ணீரில் குளித்து, குளிர்காய்ச்சல் கண்டு, பதினோரு நாள் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள்.

“எம்பிள்ளைய அந்தத் தண்ணியில குளிக்க விடமாட்டேன். போயி ஒரு மனு எழுதிக் குடுத்துட்டு வாங்க. ஒரே ஒரு வெந்நி ஹீட்டருதான கேக்குறோம், அரண்மனையா கேக்குறோம்?” என்றாள் லூர்து மேரி.

பிலவேந்திரன் முப்பது வருஷம் மேலே கேரளத்து மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்தவர். பறித்து வந்த பச்சைக்காயைச் சூடேற்றிக் காயவைக்கும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அந்த ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. முழங்கால் தேய்ந்துபோனதும் கீழே அனுப்பிவிட்டார்கள். மனு எழுதியெல்லாம் பழக்கமில்லாதவர், நான்கு வரியில் எழுதி எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே கணினிக்கு முன்னால் ஜெபஷீலா என்ற பெண் இருந்தாள். மனுவைப் படித்துவிட்டுத் திரையில் மேலும் கீழும் தேடினாள். முகம் வாடிவிட்டது.

“ஐயா, வெந்நின்னு ஒரு இனமே இதுல இல்லையே. ‘நலம் பொங்கும் நகரம்’னு ஒரு திட்டத்துல பணம் வந்து கெடக்கு. ஆனா அதுல ரெண்டே ரெண்டுதான் காட்டுது. ஒண்ணு ஸ்டீம் ரூமு, இன்னொண்ணு சவுனா. ரெண்டுல ஒண்ணத் தொட்டாத்தான் மனு உள்ள போகும்.”

“அதெல்லாம் என்னதுத்தா?”

“எனக்கும் தெரியாதுங்கய்யா. ஸ்டீம்னா ஈரச் சூடு, சவுனான்னா காஞ்ச சூடுன்னு போட்டிருக்கு. ரெண்டுலயும் ஆளு உள்ள போயி உக்காந்து வேர்க்கணுமாம்.”

“வேர்க்குறதுக்கு எதுக்குத்தா ரூமு? சித்திர மாசம் வாசல்ல உக்காந்தாப் போதாதா?”

சொல்லிவிட்டாரே தவிர, பிலவேந்திரனின் மண்டை வேலை செய்தது. ஈரச் சூடு என்றால் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கொதிக்க வேண்டும். கொதிக்கிற இடத்தில் ஒரு குழாயைச் சொருகினால் வெந்நீர் தன்னால் வந்துவிட்டுப் போகிறது. எவனோ உட்கார்ந்து வேர்த்துவிட்டுப் போகட்டும், பச்சை உடம்புக்காரிக்கு நாலு வாளி கிடைத்தால் சரி. சவுனாவில் இதற்கு வழியே இல்லை.

“ஈரச் சூட்டையே தொடு தாயி” என்றார்.

தொட்டாள். உடனே திரையில் சிவப்பு எழுத்து வந்தது. நீராவி அறையா சவுனாவா என்பது கொள்கை முடிவு என்றும், அதைத் தனி ஒருவர் எடுக்க முடியாது என்றும், இதற்காகத் தேர்வுக் குழு அமைக்க வேண்டும் என்றும், மனுதாரர் அதில் பயனாளிகளின் பிரதிநிதியாக இருப்பார் என்றும் அது சொன்னது. ஹீட்டர் கேட்கப் போன மனிதர் குழு உறுப்பினராக வீடு திரும்பினார்.

குழுவின் முதல் கூட்டம் புரட்டாசியில் நடந்தது. முதல் நாற்பது நிமிடம் எல்லோரும் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். பேரூராட்சித் தலைவர் ஒச்சாண்டிக்குப் பத்து உறுப்பினர்களும் போர்த்தினார்கள். அவர் திருப்பிப் போர்த்தினார். பிலவேந்திரனுக்கும் ஒன்று விழுந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வடை வந்தது. வடைக்குப் பிறகு செயல் அலுவலர் வைகுண்டராஜ் எழுந்தார். மேடை என்று வந்துவிட்டால் அவருக்குப் பேச்சுத்தமிழ் மறந்துபோகும்.

“வெந்நீர் என்பது ஒரு தேவை. தேவையை நிறைவேற்றினால் என்ன ஆகும்? தீர்ந்துபோகும்! மறுநாள் அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். வசதி அப்படியல்ல. வசதிக்கு அடிக்கல் நாட்டலாம். திறந்து வைக்கலாம். பழுது பார்க்கலாம். மறுபடியும் திறந்து வைக்கலாம். ஒரு ஹீட்டருக்கு யாராவது கல்வெட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் இந்தத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். மக்கள் கேட்டதைக் கொடுத்து ஒருமுறை கூட நான் பதவி உயர்வு பெற்றதில்லை.”

கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

தலைவர் ஒச்சாண்டி சுருக்கமாகப் பேசினார். “சளி புடிச்சா நொச்சியிலயப் போட்டு ஆவி புடிக்கிறோம்ல, அதத்தான ரூமு போட்டுப் பண்றாக? நமக்குப் பழக்கமானதுதான். ஸ்டீமே இருக்கட்டும்.”

பிலவேந்திரனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எழுந்து நின்று, “ஐயா, அந்தத் தண்ணி கொதிக்கிற எடத்துல இருந்து குளிக்கிற ரூமுக்கு ஒரு குழா மட்டும்...” என்று இழுத்தார்.

“அது இரண்டாம் கட்டம்” என்றார் வைகுண்டராஜ். ஜெபஷீலா ‘இரண்டாம் கட்டம்’ என்று பதிவேட்டில் எழுதினாள். எழுத்தில் ஏறிவிட்டது என்பதே பிலவேந்திரனுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் நேரில் பார்க்காமல் எதையும் தேர்ந்தெடுப்பது முறையல்ல என்று ஒரு விதி இருந்தது. அந்த விதிப்படி எல்லோரும் குமுளிக்கு அப்பால் ஒரு சொகுசு விடுதிக்கு ஆய்வுப் பயணம் போக வேண்டும். பிரசவ விடுதிக் குழாயை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை.

வேனில் துணிப்பதாகை கட்டிக் கிளம்பினார்கள். நல்ல காரியம் என்பதால் முதலில் வீரபாண்டி போய்க் கௌமாரியம்மனைக் கும்பிட்டார்கள். வீரபாண்டி இருப்பது ஒரு பக்கம், குமுளி இருப்பது மறுபக்கம். கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, மலையேறி, விடுதி சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம் ஆய்வு செய்யப்பட்டது.

முதலில் நீராவி அறை. உள்ளே போகிறவர்கள் துண்டோடு போக வேண்டும் என்றார் விடுதி ஊழியர். கட்சிக் கரை போட்ட வேட்டியை அவிழ்க்க மாட்டேன் என்று தலைவர் சொல்லிவிட்டதால், எல்லோரும் வேட்டி சட்டையோடு நுழைந்தார்கள். வைகுண்டராஜ் கூட்டப் பதிவேட்டையும் கொண்டுபோனார். கூட்டம் முறைப்படி தொடங்கியது. வெள்ளைப் புகை மண்டி, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. பதிவேட்டில் மை கரைந்து, போன கூட்டத்தின் தீர்மானங்கள் வைகுண்டராஜின் முழங்கை வழியாக ஓடின. குழாய் பற்றி எழுதிய வரியும் அதில் போனது.

“ஏலே, இங்கன எவன் வணக்கம் வைக்கிறான், எவன் வைக்காம உக்காந்திருக்கான்னு எப்புடிறா தெரியும்?” என்று தலைவரின் குரல் மட்டும் கேட்டது.

“நான் வச்சுக்கிட்டேதான் இருக்கேன், தலைவரே” என்று புகைக்குள் எங்கிருந்தோ வைகுண்டராஜின் குரல் பதில் சொன்னது.

நீராவி அறையின் குறை என்று அன்றைக்குக் குறிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

அடுத்தது சவுனா. பலகை அடித்த சின்ன அறை. மூலையில் மின்சார அடுப்பு, அதன் மேல் கற்கள். உட்காருவதற்கு மூன்று தட்டு, படிக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. இங்கே எல்லோர் முகமும் நன்றாகத் தெரிந்தது. எனவே யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி பிறந்தது. மேல்தட்டு தலைவருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. மேல்தட்டிலேயே அரையடி தள்ளி வைகுண்டராஜ். நடுத்தட்டில் உறுப்பினர்கள், எத்தனை முறை ஜெயித்தார்கள் என்ற வரிசையில். கீழ்த்தட்டில், கதவோரமாகப் பிலவேந்திரன்.

உள்ளே கால் வைத்ததுமே பிலவேந்திரனுக்குத் தோல் சொல்லிவிட்டது. “தலைவரே, மேல உக்காராதீக. சூடு மேலதான் போயி நிக்கும். எறங்கிக் கீழ வாங்க.”

“தலைவரக் கீழ உக்காரச் சொல்றீரா? என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறீரா?” என்று சீறினார் வைகுண்டராஜ்.

“சாரே, மோளில் இரிக்கண்டா” என்று விடுதி ஊழியரும் மலையாளத்தில் அதையே சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். மலையாளத்தான் பேச்சைத் தமிழன் கேட்பதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கதவு சாத்தப்பட்டது.

தலைவர் எழுந்திருக்காமல் மற்றவர்கள் எழுந்திருப்பது மரியாதையில்லை. முதலில் எழுந்தால் தாங்க முடியாமல் போனார் என்ற பெயர் வரும் என்று தலைவருக்கு எண்ணம். ஆக ஒருவரும் அசையவில்லை. ஐந்து நிமிடம் போதும் என்று வெளியே எழுதி வைத்திருந்தார்கள். பதினெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். முகமெல்லாம் வெந்து சிவந்து, கஞ்சி போட்ட சட்டையெல்லாம் துவண்டு, வியர்வையும் மதியம் தின்ற கோழியும் சேர்ந்து ஒரு வாடை கிளம்பியது. பிலவேந்திரன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பத்தொன்பதாவது நிமிடத்தில் தலைவரின் கண் மேலே சொருகியது. மேல்தட்டிலிருந்து சரிந்து வைகுண்டராஜின் மேல் விழுந்தார். வைகுண்டராஜ் உறுப்பினர்கள் மேல் விழுந்தார். பதவி வரிசை குலையாமல் எல்லோரும் கீழே வந்து சேர்ந்தார்கள்.

தூக்கிக்கொண்டு போய்ப் புல்தரையில் போட்டு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்கள். கண் விழித்த ஒச்சாண்டி, அவ்வளவாக வேர்க்காமல் நின்ற ஒரே ஆளைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, மேலதான் சூடுன்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?”

மலையை விட்டு இறங்கிய நாளிலிருந்து பிலவேந்திரனிடம் அவர் தொழிலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல்முறையாக ஒருவர் கேட்கிறார், அதுவும் தலைவர். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“முப்பது வருசமா இதுதான தலைவரே நம்ம பொழப்பு. இது அப்படியே ஏலக்கா ஸ்டோருதான். மேல்தட்டு முதல்ல காயும், கீழ்த்தட்டு கடைசியிலதான் காயும். அதனால ஆறு மணி நேரத்துக்கு ஒருக்காத் தட்ட மாத்திக்கிட்டே இருக்கணும். ஆனா இவ்வளவு சூடு ஆகாது, பாதிக்குப் பக்கமாக் கொறைக்கணும். பலகைய எடுத்துட்டுக் கம்பிவலைத் தட்டு போட்டு, ஈரம் போறதுக்கு மேல ஒரு தொளை மட்டும் விட்டுட்டா, இந்த ரூமுல நாலு மூட்டை பச்சக்கா தாராளமாக் காயும். இருவது மணி நேரம் போதும். ஒரே ஒரு சங்கதி, உள்ள தண்ணி இருக்கக்கூடாது. ஈரம் நின்னுச்சுன்னாக் காயி வெளுத்துப்போகும், ஒருத்தனும் வாங்கமாட்டான்.”

ஒச்சாண்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மச்சினனுக்கு மலையில் பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்தது. ஸ்டோர் இல்லை. பறிப்புக் காலத்தில் அடுத்தவன் ஸ்டோரில் முறைக்குக் காத்துக் கிடந்து, பாதிக்காய் அழுகிப்போவதாக வீட்டில் தினமும் சண்டை. இதெல்லாம் பிலவேந்திரனுக்கு வேன் பாதிமலை இறங்கிய பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் கொசுவா என்று கேட்டார்.

இரண்டாம் கூட்டத்தில் வைகுண்டராஜ் அதே கம்பீரத்தோடு எழுந்தார்.

“ஈரம் என்பது பின்தங்கிய நிலை. வளர்ந்த நாடுகள் யாவும் காய்ந்தே இருக்கின்றன. நீராவியில் தலைவர் யார், தொண்டர் யார் என்ற வேறுபாடே மறைந்துபோவதை நாம் கண்ணால் கண்டோம். கண்ணால் காண முடியாமல் தவித்தோம். சவுனாவில் அவரவர் தகுதிக்கேற்ற தட்டு இருக்கிறது. சவுனாதான் நிர்வாகம்!”

பிலவேந்திரன் எழுந்தார். “ஐயா, பிள்ளை பெத்த பொம்பளைகளுக்குக் குளிக்க வெந்நி கேட்டேன். காஞ்ச சூட்ட வச்சு அவுக என்னத்தக் குளிப்பாக? நான் இதுக்குச் சம்மதிக்கமாட்டேன். கையெழுத்தும் போடமாட்டேன்.”

“நீங்க ஏற்கெனவே போட்டாச்சே” என்று சிரித்தபடி வைகுண்டராஜ் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். உள்ளே நுழையும்போது வடைக்கு முன்னால் போட்ட கையெழுத்து. அதன் மேலே ‘சவுனா அமைக்க ஒருமனதாக ஒப்புக்கொள்கிறோம்’ என்று புதிதாக எழுதியிருந்தது. ஜெபஷீலா தலையைத் தூக்கவே இல்லை.

ஒரு ஹீட்டர் பொருத்த முடியாத பேரூராட்சி, சவுனாவை நாற்பது நாளில் கட்டியது. இடம் வேண்டுமே? பிரசவ விடுதியில் சும்மா கிடந்த அறை என்று குளியலறையைக் கண்டுபிடித்தார்கள். அதில் பெரிய பாதி சவுனா ஆனது. மீதிப் பாதிக்கு, குழாய் இருந்த பாதிக்கு, ‘உடை மாற்றும் அறை’ என்று பலகை மாட்டிப் பூட்டினார்கள். ஆக ஐப்பசிக்குப் பிறகு அங்கே பச்சைத் தண்ணீருக்கும் வழியில்லை. உட்காரும் பலகைக்குப் பதிலாகக் கம்பிவலைத் தட்டு இருந்தது. காற்றோட்டத்துக்கு என்று சொன்னார்கள். மேலே ஒரு துளையும் விட்டிருந்தார்கள்.

கார்த்திகையில் திறப்பு விழா. தலைவர் ஒச்சாண்டி ஒலிபெருக்கியைப் பிடித்தார். “சந்தனத்துறைத் தாய்மாருகளே! ஒங்க நலந்தான் எங்க நலம். இந்த ரூமு ஒருநாளுகூடச் சும்மா கெடக்காதுன்னு உறுதி சொல்றேன். எங்க மச்சினனே நேத்து கேட்டாரு, எப்ப மாமா தெறக்குறீக, எப்ப மாமா தெறக்குறீகன்னு. குடும்பமே இதுக்குக் காத்துக்கிட்டிருந்தோம்.” தாய்மார்கள் கைதட்டினார்கள். கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் விதிமுறைகள் இருந்தன. கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகாதவர்கள், குழந்தைகள், நோயாளிகள் ஆகியோர் சவுனாவைப் பயன்படுத்தக் கூடாது. பிரசவ விடுதியில் இவர்களைத் தவிர வேறு யார் இருப்பார்கள் என்று பிலவேந்திரன் நர்ஸிடம் கேட்டார். அந்தம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள் மெர்லினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கஷ்டப்பட்ட பிரசவம். பதினான்கு மணி நேர வலி, நான்கு தையல். மூன்றாம் நாள் காலையில் பிலவேந்திரன் உள்ளே போனபோது, பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தொடையில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. தலைமுடி சிக்கு விழுந்து கிடந்தது. அறை முழுக்க அந்த வாடை. மற்ற ஏழு கட்டிலிலும் அதே கதைதான்.

“கிட்ட வராதீகப்பா. எனக்கே எம்மேல அருவருப்பா இருக்கு. பிள்ளைக்குப் பால் குடுக்கவே கூச்சமா இருக்கு” என்று அழுதாள் மெர்லின்.

அந்த நேரம் பார்த்து ரத்த வாடைக்கு மேலே இன்னொரு மணம் வந்தது. முப்பது வருஷம் பிலவேந்திரனின் மூக்கிலேயே குடியிருந்த மணம். கதவுக்கு வெளியே போய்ப் பார்த்தார். சவுனா ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் தலைவரின் மச்சினன் வைத்த ஆள் சுந்தர்ராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி வழியே தட்டுத் தட்டாக ஏலக்காய் தெரிந்தது. நல்ல பெரிய காய், பச்சை நிறம் மாறாமல் பக்குவமாகக் காய்ந்துகொண்டிருந்தது. பிலவேந்திரன் சொன்ன பக்குவம்.

“தம்பி, ஒரே ஒரு அண்டா தண்ணி அந்த அடுப்பு மேல வச்சு எடுத்துக்கிறேன். பச்ச ஒடம்புக்காரி, மூணு நாளா நாறிக் கெடக்கா.”

சுந்தர்ராஜ் உண்மையாகவே வருத்தப்பட்டான். “ஈரம் பட்டாக் காயி வெளுத்துப்போகும்ணே. ஒங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் சொன்னீகளாம்ல, உள்ள தண்ணியே இருக்கக்கூடாதுன்னு.”

பிலவேந்திரன் திரும்பிப் போய் லூர்து மேரியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அவள் எட்டுக் கட்டிலுக்கும் துணைக்கு வந்திருந்த அம்மாக்களையும் மாமியார்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் அண்டாவும் குடமும் வாளியுமாகப் பதினோரு பேர். சுந்தர்ராஜ் அவர்களைப் பார்த்தான். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, சாவியை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனான்.

பிலவேந்திரன் உடை மாற்றும் அறையின் பூட்டை உடைத்து, குழாயில் நிரப்பிய அண்டாவைத் தூக்கி அடுப்புக் கல்லின் மேல் வைத்தார். சூடு வெளியே போகாதபடி, துண்டைச் சுருட்டி மேலே இருந்த துளையை அடைத்தார். கதவைச் சாத்தும்போது கை நின்றது. முப்பது வருஷத்தில் ஒரு தட்டுக் காயைக்கூட அவர் கெடுத்ததில்லை. ஒருமுறை கண் அசந்து காய் லேசாக நிறம் மங்கியதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவர். கண்ணெதிரே நாலு மூட்டை அருமையான காய், ஒரு பாவமும் அறியாத காய். அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் சாத்தினார்.

காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதித்தது. உடை மாற்றும் அறையில் எட்டுப் பெண்களும் ஒருத்தி பின் ஒருத்தியாகக் குளித்தார்கள். லூர்து மேரி மெர்லினின் தலையில் ஊற்ற ஊற்ற, அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் ஊத்தும்மா, இன்னும் ஊத்தும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலு மூட்டைக் காயும் வெந்து வெளுத்து, வாய் பிளந்து, மாட்டுக்குக்கூட ஆகாமல் போனது.

மறுநாள் விசாரணை. அலுவலகத்தில் வைகுண்டராஜும் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபஷீலா எழுத உட்கார்ந்திருந்தாள். பிலவேந்திரன் நின்றார், கையில் ஒரு தூக்குவாளி. சவுனாவுக்கு அதற்குள் இரட்டைப் பூட்டு விழுந்துவிட்டதால், மகளுக்கு டீக்கடையில் வெந்நீர் வாங்கப் போகிற வழியில் கூப்பிட்டிருந்தார்கள்.

“சவுனாவுக்குள்ள தண்ணி கொண்டுபோனது குற்றம். பொதுச்சொத்துக்குச் சேதம்” என்றார் வைகுண்டராஜ்.

“என்ன சேதம்னு எழுதுங்கய்யா. உள்ள என்ன இருந்துச்சு?”

“உள்ள ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாத ரூமுல என்னய்யா கெட்டுப்போச்சு?”

ஒச்சாண்டிக்குப் பொறுக்கவில்லை. “என்ன கெட்டுப்போச்சா? எட்டு எம்எம் காயிடா, முதல்தரம்! நாலு மூட்டை! மச்சினன் வீட்டுல அழுது பொரள்றாக!” என்று மேசையைக் குத்தினார்.

“அத எழுத வேணாம்மா” என்றார் வைகுண்டராஜ். எழுதியதை ஜெபஷீலா அடித்தாள்.

அதற்குப் பிறகுதான் வைகுண்டராஜ் தாம் யார் என்பதைக் காட்டினார். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைத் தமிழுக்கு மாறினார். “பிலவேந்திரன் அவர்களைத் தண்டிப்பது நம் நோக்கமல்ல. ஒரே அறையில் சவுனாவும் இயங்கும், நீராவி அறையும் இயங்கும் என்பதை அவர் நிரூபித்திருக்கிறார். ஒரு செலவில் இரண்டு வசதி! மாநிலத்திலேயே முதல் பேரூராட்சி! மேலிடத்துக்கு இன்றே அறிக்கை போகும். குடியரசு தினத்தன்று இவருக்குப் பொன்னாடையும் நன்றிச் சான்றிதழும் வழங்கப்படும். இவருடைய மனு முழுமையாக நிறைவேறியதாகப் பதிவு செய்யுங்கள்.”

“அப்ப அந்த ரூமுல நாளைக்கு வெந்நி வைக்கலாமாய்யா?”

“அது எப்படி முடியும்? காய்... வசதி கெட்டுப்போகும்ல?” என்றார் வைகுண்டராஜ். பொன்னாடைக்கு அளவு எடுக்க வேண்டாமா என்று சிரித்தபடி தலைவரும் கேட்டார்.

பிலவேந்திரன் தூக்குவாளியைக் கீழே வைத்தார். மூன்று நாளாக அந்த வார்டில் பிடித்த வாடை இந்த அறையில் இன்னும் கெட்டியாக இருப்பதாக அவருக்குப் பட்டது. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிப் பார்த்தார். முடியவில்லை. பளபளவென்று துடைத்து வைத்திருந்த தரையில், இரண்டு நாற்காலிக்கும் நடுவில், காறித் துப்பினார்.

பொது இடத்தில் எச்சில் துப்பினால் நூறு ரூபாய் அபராதம். அதற்குக் குழு வேண்டியிருக்கவில்லை, ஆய்வுப் பயணம் வேண்டியிருக்கவில்லை, இரண்டாம் கட்டமும் கிடையாது. வைகுண்டராஜ் கை நீட்டினார், இரண்டே நிமிடத்தில் ரசீது தயாரானது. பிலவேந்திரன் மடியிலிருந்து ஒரு இருநூறு ரூபாய்த் தாளை எடுத்து ஜெபஷீலாவின் மேசையில் வைத்தார். அவள் மிச்சம் கொடுக்க இழுப்பறையைத் திறந்தாள்.

“மிச்சம் வேணாந்தாயி” என்றார் பிலவேந்திரன். “இன்னொண்ணுக்கும் சேத்து ரசீது போடு.”

ஜெபஷீலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, யாரையும் கேட்காமல் ரசீதில் ‘இரண்டு’ என்று எழுதி முத்திரை குத்தினாள். பிலவேந்திரன் நிதானமாகத் தொண்டையைச் செருமி, இந்தத் தடவை கொஞ்சம் முன்னால் வந்து நின்று துப்பினார். அப்புறம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.